பத்துப் பாகத்தில் ஒரு கப்பல்: வடசென்னைக் கடலடியில் மூழ்கிப் படமெடுக்க முழுமையான வழிகாட்டி

மூழ்கிய கப்பல் எங்கே கிடக்கிறது என்று தெரிய வேண்டுமானால், முதலில் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போங்கள். வலைக்குக் கிழிசல் தைக்கிறவர்கள் நிழலில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களிடம் கப்பலைப் பற்றிக் கேட்காதீர்கள். "எந்த இடத்துல வலை மாட்டுது அண்ணா?" என்று கேளுங்கள். கடலடியில் மணலும் சேறும் மட்டும் இருந்தால் வலை சும்மா வந்துவிடும். மாட்டுகிறதென்றால் கீழே பாறை இருக்க வேண்டும், இல்லையென்றால் இரும்பு.

எனக்கு முதல் கப்பலைக் காட்டிக்கொடுத்தது ஒரு திருவொற்றியூர் பெரியவர். கரையில் தெரியும் ஒரு புகைபோக்கியும் ஒரு கோபுரமும் நேர்கோட்டில் வர வேண்டும், வடக்கே இன்னொரு அடையாளம் இன்னொன்றின் மேல் ஏற வேண்டும், இரண்டும் சேரும் இடத்தில் பத்துப் பாகம் ஆழம் என்றார். ஜி.பி.எஸ்.ஸில் குறித்துக்கொண்டு போய், ஒலியால் ஆழம் காட்டும் எக்கோ சவுண்டரைப் போட்டால், சமதளமாக ஓடிக்கொண்டிருந்த கோடு அந்த இடத்தில் சட்டென்று மூன்று மீட்டர் எழும்பி நின்றது. ஒரு பழைய இரும்புப் பார்ஜ், சரக்கு ஏற்றும் தட்டையான படகு. அதன் இடத்தை இங்கே எழுதப்போவதில்லை. அது அந்த ஊர்க்காரர்கள் தூண்டில் போடும் இடம். நீங்கள் தேடிக் கண்டுபிடிக்கும் இடத்தையும் அப்படியே காத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பாகம் என்பது இரண்டு கைகளையும் விரித்தால் கிடைக்கும் நீளம், சுமார் 1.8 மீட்டர். அதனால் பத்துப் பாகம் என்றால் 18 மீட்டர். தொடக்கநிலை ஸ்கூபா சான்றிதழ் வைத்திருப்பவருக்கு அனுமதிக்கப்பட்ட ஆழமும் அதே 18 மீட்டர்தான். மீனவர் சொல்லும் பாகத்தை மனதிலேயே மீட்டராக மாற்றப் பழகுங்கள். அவர் பதினைந்து பாகம் என்றால் அது 27 மீட்டர். அங்கே உங்கள் சான்றிதழ் செல்லாது.

இந்தக் கரையில் ஏன் இவ்வளவு இரும்பும் மரமும்

சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. அந்தக் காலத்தில் கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆளையும் சரக்கையும் மசூலாப் படகுகள் அலை கடந்து கரைக்குக் கொண்டுவரும். ஐப்பசி, கார்த்திகைப் புயல் வந்தால் ஒதுங்க இடமில்லை. 1746 அக்டோபரில், சென்னையைப் பிடித்திருந்த பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொன்னேயின் கப்பல்கள் ஒரே இரவுப் புயலில் சிதறின. பல நூறு பேர் கடலோடு போனார்கள். துறைமுகம் கட்டத் தொடங்கிய பிறகும் 1881 நவம்பர் புயல் கட்டிய சுவர்களையே பெயர்த்துப் போட்டது. 1966 நவம்பர் புயலிலும் சரக்குக் கப்பல்கள் இந்தக் கரையில் தட்டி உடைந்தன.

1914 செப்டம்பர் 22 இரவு சென்னையைக் குண்டு போட்டுக் கலங்கடித்த ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன், இன்றும் நம் பேச்சில் கெட்டிக்கார ஆளுக்குப் பட்டப்பெயராக இருக்கிறது. அந்தக் கப்பல் அதே ஆண்டு நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளில் ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னியிடம் அடிபட்டுக் கரை தட்டியது. அதைத் தேடி இங்கே மூழ்காதீர்கள்.

தமிழ் பேசும் இன்னொரு கரையில், மட்டக்களப்புக்கு அப்பால், 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மீஸ் சுமார் 53 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. பொழுதுபோக்கு ஸ்கூபாவின் எல்லை 40 மீட்டர். அங்கே போவது வேறு பயிற்சி, வேறு வாயுக் கலவை. எகிப்துப் பக்கம் செங்கடலில் 1941-இல் மூழ்கிய திஸில்கார்ம் என்ற சரக்குக் கப்பல் சுமார் 30 மீட்டரில், வயிற்றில் மோட்டார் சைக்கிள்களோடு கிடக்கிறது. உலகில் ஸ்கூபா மூழ்குபவர்களில் பாதிப் பேர் அதைப் படமெடுத்துவிட்டார்கள். அங்கே 20 மீட்டர் தூரம் தெளிவாகத் தெரியும் நீர். நம் கடலில் அப்படிக் கிடையாது. இந்த வழிகாட்டியில் நான் சொல்லப்போகும் ஒவ்வொன்றும் அந்த ஒரே வித்தியாசத்திலிருந்து வருகிறது. கலங்கல் நீரில் முழுக் கப்பலையும் ஒரே சட்டத்துக்குள் காட்ட முடியாது. கிட்டப் போக வேண்டும், நிதானமாகப் போக வேண்டும், எதையும் தொடாமல் போக வேண்டும்.

முதல் படி: கேமரா இல்லாமல் இருபத்தைந்து முறை

தொடக்கநிலைப் படிப்பு நீச்சல் குளத்திலும் கடலிலுமாக மூன்று நான்கு நாளில் முடியும். அது முடிந்த கையோடு கேமரா வாங்காதீர்கள். இருபத்தைந்து முறையாவது வெறுங்கையோடு மூழ்குங்கள். அடுத்து அட்வான்ஸ்டு படிப்பு, 30 மீட்டர் வரை. அதற்கும் பிறகு கப்பல் மூழ்கலுக்கென்றே தனிப் படிப்பு இருக்கிறது, அதையும் செய்யுங்கள்.

இதற்கு முன் மருத்துவப் படிவத்தை உண்மையாக நிரப்புங்கள். ஆஸ்துமா, வலிப்பு, இதய நோய், காதில் அறுவை சிகிச்சை, நுரையீரலில் பழைய பிரச்சினை எதுவாக இருந்தாலும் மருத்துவர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். கர்ப்பமாக இருப்பவர்கள் மூழ்கக் கூடாது. சளி பிடித்திருக்கும் நாளில் யாருமே மூழ்கக் கூடாது. மாத்திரை போட்டு மூக்கைத் திறந்துகொண்டு இறங்கினால், கீழே இருக்கும்போது மாத்திரையின் வேகம் தீர்ந்து, மேலே வரும் வழியில் காது அடைத்துக்கொள்ளும்.

படமெடுக்க நினைப்பவருக்கு எல்லாவற்றிலும் முக்கியம் மிதப்புக் கட்டுப்பாடு. நான் செய்த பயிற்சியைச் சொல்கிறேன். குளத்தின் ஆழமான பக்கத்தில் தரை ஓட்டுக்கு ஒரு அடி மேலே, கைகளை மார்போடு கட்டிக்கொண்டு, ஐந்து நிமிடம் அசையாமல் மிதக்க வேண்டும். ஓட்டைத் தொட்டாலும் இரண்டு அடிக்கு மேல் எழும்பினாலும் முதலிலிருந்து. மூச்சு இழுத்தால் உடல் மெல்ல எழும்பும், விட்டால் தாழும். அந்த ஏற்ற இறக்கத்தை நுரையீரலாலேயே பிடிக்கத் தெரிய வேண்டும். அது வந்த பிறகு ஒரு கையில் ஒரு கிலோ எடையைப் பிடித்துக்கொண்டு அதையே செய்யுங்கள். கேமராவின் எடைக்குக் கை இப்படித்தான் பழகும்.

அடுத்தது தவளை உதை. காலை மேலும் கீழும் அடித்தால் கீழே இருக்கும் சேறு கிளம்பும். எண்ணூர் பக்கத்துச் சேறு மாவு போல மென்மையானது. ஒரு முறை கிளம்பினால் நீங்கள் இருக்கும் வரை அடங்காது. முழங்காலை மடித்து, பாதங்களைப் பின்பக்கமாக அகட்டி, தவளை போல உதைத்தால் நீர் பின்னால் போகும், கீழே போகாது.

காற்றுக் கணக்கு

இதை விரலில் போட்டுப் பாருங்கள். கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். மேலே 1, 10 மீட்டரில் 2, 18 மீட்டரில் 2.8. நம் ஊரில் சாதாரணமாகக் கிடைக்கும் அலுமினிய சிலிண்டர் 11 லிட்டர் கொள்ளளவு. 200 பார் அழுத்தத்தில் அடைத்தால் 2,200 லிட்டர் காற்று. 50 பார் எப்போதும் தொடாத இருப்பு. மீதி 150 பார், அதாவது 1,650 லிட்டர். நிதானமான ஆள் கரையில் நிமிடத்துக்கு 20 லிட்டர் மூச்சு விட்டால், பத்துப் பாகத்தில் 56 லிட்டர் போகும். 29 நிமிடம் ஓடும். அதே ஆள் கையில் கேமராவைப் பிடித்ததும் 25 லிட்டராக ஏறிவிடுவார். நிமிடத்துக்கு 70 லிட்டர், 23 நிமிடம்தான். இறங்க, ஏற, மூன்று நிமிடம் நிற்க ஆகும் நேரமும் இதற்குள்ளேயே அடங்க வேண்டும். கப்பலின் மேல் உங்களுக்குக் கிடைப்பது பதினைந்து நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பதினைந்துக்கும் என்ன எடுப்பது என்று கரையிலேயே தாளில் எழுதிவிட வேண்டும்.

நைட்ரஜன் கணக்கு தனி. ஆழத்தில் மூச்சுக் காற்றிலுள்ள நைட்ரஜன் உடலில் கரைந்து சேரும். ஸ்கூபா பயிற்சி அமைப்பான பேடியின் அட்டவணைப்படி 18 மீட்டரில் 56 நிமிடம், 30 மீட்டரில் 20 நிமிடம் வரைதான் இடையில் கட்டாய நிறுத்தம் இல்லாமல் மேலே வரலாம். ஆளுக்கொரு டைவ் கம்ப்யூட்டர் கட்டாயம். நண்பர் கையில் இருப்பது உங்களுக்குக் கணக்குப் பார்க்காது.

எப்போது போவது

ஐப்பசியிலிருந்து மார்கழி வரை மறந்துவிடுங்கள். வடகிழக்குப் பருவமழையில் கடல் கொந்தளிக்கும், கூவமும் கொசஸ்தலையாறும் சேற்றைக் கொண்டுவந்து தள்ளும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய்ப் படலம் பரவியதைப் பார்த்தவர்கள், வெள்ளத்துக்குப் பிறகு பல நாள் அந்த நீரில் கால் வைக்க மாட்டார்கள். நீங்களும் வைக்காதீர்கள்.

மாசியிலிருந்து சித்திரை வரைக்கும் என் அனுபவத்தில் நல்ல காலம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. இழுவலை அடியைக் கிளறாததால் நீர் தெளியும். தலைக்கு மேல் பெரிய படகுகளின் ஓட்டமும் குறையும். நல்ல நாளில் எட்டு மீட்டர் தெரிந்தால் எனக்கு அது பண்டிகை. மூன்று மீட்டர்தான் பெரும்பாலான நாட்களின் கணக்கு.

கடலின் ஓட்டத்தை எங்கள் கரையில் வெள்ளம் என்பார்கள். தெற்கிலிருந்து வடக்கே ஓடினால் தெண்டி, வடக்கிலிருந்து தெற்கே ஓடினால் வன்னி. முதல் நாள் மாலையே தொழிலுக்குப் போய் வந்தவரிடம் கேளுங்கள். "வன்னி வேகமா இருக்கு தம்பி, நாளைக்கு வேணாம்" என்றால் சாமான்களைத் திரும்ப வைத்துவிடுங்கள். கைப்பேசியில் வரும் அலை முன்னறிவிப்பில் மேலே இருக்கும் அலை தெரியும். அடியில் ஓடும் வெள்ளம் அவர் வலையில்தான் தெரியும்.

அனுமதி, படகு

வடசென்னைக் கடலில் சென்னைத் துறைமுகம், எண்ணூர் காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளி என்று வரிசையாகப் பெரிய கப்பல்கள் வந்து நிற்கின்றன. துறைமுக எல்லை, கப்பல் வழித்தடம், நங்கூரம் போடும் பகுதி எதிலும் அனுமதி இல்லாமல் மூழ்கக் கூடாது. 2017 ஜனவரி 28 அதிகாலை காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி, எர்ணாவூர்க் கரையில் கறுப்பாக ஒதுங்கிய எண்ணெயை ஆட்கள் வாளியால் அள்ளினார்கள். கண்ணும் ரேடாரும் வைத்திருக்கிற கப்பல்களே இடித்துக்கொள்ளும் இடத்தில், நீருக்கு மேல் தெரியும் உங்கள் தலை யாருக்குப் படும்?

பதிவு எண் உள்ள படகு, ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட், கடலோரக் காவல் நிலையத்தில் முன்கூட்டியே தகவல். பயிற்சி மையத்தோடு போனால் இதை அவர்களே செய்வார்கள். செய்தார்களா என்று நீங்கள் கேளுங்கள். கடலில் அவசரத்துக்குக் கடலோரக் காவல் படை 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமப் போலீஸ் 1093. இரண்டையும் படகோட்டியின் போனிலும் சேமித்துக் கொடுங்கள். வேகமாக மேலே வந்தால் உடலில் சேர்ந்த நைட்ரஜன் குமிழாவதுதான் மூழ்கல் நோய். அதற்குச் சிகிச்சை தரும் அழுத்த அறை எந்த மருத்துவமனையில் இப்போது ஓடுகிறது என்று முதல் நாளே போன் செய்து விசாரித்து வைப்பது என் வழக்கம்.

படகோட்டி மேலேயே இருக்க வேண்டும், எஞ்சின் தயாராக இருக்க வேண்டும். அவருக்கு நீங்கள் எத்தனை மணிக்கு மேலே வருவீர்கள் என்று சொல்லிவிட்டு இறங்குங்கள். தாண்டினால் எத்தனை நிமிடத்தில் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதையும் சொல்லுங்கள்.

சாமான்

மாஸ்க், துடுப்பு, ரெகுலேட்டர், மிதப்புச் சட்டை எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். மாஸ்க்கை மட்டும் சொந்தமாக வாங்குங்கள், உங்கள் முகத்துக்கு அளந்து. 3 மில்லிமீட்டர் வெட்சூட் முழுக்கை, முழுக்கால். இரும்பில் ஒட்டியிருக்கும் சிப்பியும் ஆளியும் பிளேடு போலக் கீறும். டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பலர் சிறியதென்று விட்டுவிடும் சாமான் ஒன்று இருக்கிறது: வெட்டும் கருவி. கத்தி மட்டும் போதாது. நைலான் நரம்பு வலையைக் கத்தியால் அறுத்தால் அது வழுக்கிக்கொண்டு விலகும். ஆம்புலன்ஸில் உடையை வெட்டும் தடித்த கத்தரிக்கோல் ஒன்றும், கொக்கி போன்ற நூல்வெட்டி ஒன்றும், இரண்டு கையும் எட்டும் இடத்தில், மார்புப் பக்கமாக வையுங்கள். காலில் கட்டினால் வலையில் மாட்டும் நேரத்தில் கை அங்கே போகாது.

மிதவைக் குழாயும் ரீலும் ஆளுக்கொன்று. நீருக்குள் ஒலி காற்றை விட நான்கு மடங்குக்கு மேல் வேகமாக வரும். அதனால் படகுச் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதால் பிரிக்க முடியாது. எல்லாப் பக்கமும் இருப்பது போலக் கேட்கும். நடுநீரிலிருந்து ஆரஞ்சு மிதவையை மேலே அனுப்பி, ‘இங்கே ஆள் இருக்கிறார்’ என்று படகுகளுக்குக் காட்டிய பிறகே மேலே வர வேண்டும்.

இறங்குவது

மீனவர் சொன்ன இடத்தில் எடை கட்டிய கயிறு ஒன்றை மிதவையோடு கப்பலுக்குப் பக்கத்தில் போடுங்கள், அதன் மேல் வேண்டாம். நங்கூரத்தைக் கப்பல் மேல் வீசினால் பல வருடம் வளர்ந்த பவளமும் கடற்பாசியும் ஒரு இழுப்பில் போய்விடும்.

கயிற்றைப் பிடித்தபடி, இருவர் இருவராக, கால் கீழே இருக்கும்படி இறங்குங்கள். ஒவ்வொரு மீட்டருக்கும் மூக்கைப் பிடித்து மெல்ல ஊதிக் காதைச் சமப்படுத்துங்கள். வலித்தால் ஒரு மீட்டர் மேலே வந்து மறுபடி. முதல் ஐந்தாறு மீட்டரில் நீர் பச்சை, அதற்குக் கீழே பழுப்பு, சில நாள் நடுவில் ஒரு கலங்கல் அடுக்கு வந்து உங்கள் கையே தெரியாது. அங்கே பயப்படாமல் கயிற்றைப் பிடித்து மூச்சை எண்ணுங்கள். அடுக்கைத் தாண்டினால் பெரும்பாலும் கீழே ஓரளவு தெளியும். தெளியவில்லை என்றால், ஜோடிக்காரரின் முகம் தெரியவில்லை என்றால், கட்டைவிரலை மேலே காட்டுங்கள். யார் காட்டினாலும் இருவரும் மேலே வர வேண்டும், காரணத்தைப் படகில் கேட்டுக்கொள்ளலாம்.

கப்பலின் மேல்

முதலில் தெரிவது கப்பல் இல்லை, மீன். மங்கலில் ஒரு சுவர் போல சங்கரா நிற்கும், அதன் மேலே பாறை மீன் கூட்டம் சுழலும், கொஞ்சம் தள்ளி சீலா ஒன்று அசையாமல் பார்க்கும். பின்னால் இருட்டாகத் தெரிவதுதான் இரும்பு. இந்தக் கடலடி முழுக்கச் சேறும் மணலுமாக இருப்பதால், ஒதுங்க ஒரு கடினமான இடம் கிடைத்ததும் மீன்கள் அங்கே குடியேறிவிடுகின்றன. கலவா ஓட்டைக்குள்ளிருந்து தலையை நீட்டும்.

முதல் மூன்று நிமிடம் கேமராவை இயக்காதீர்கள். வெள்ளத்தை எதிர்த்துப் போகத் தொடங்குங்கள், அப்போது திரும்பி வருவது எளிது. எங்கே வலை கிடக்கிறது என்று பார்ப்பதுதான் அந்த மூன்று நிமிடத்தின் வேலை. நம் பக்கத்துக் கப்பல்களில் மிகப் பெரிய ஆபத்து கைவிடப்பட்ட வலை. நரம்பு வலை நீரில் கண்ணுக்குத் தெரியாது. அதில் ஒட்டிய பாசியைத் தேடுங்கள், அல்லது மீன் சுற்றிக்கொண்டு போகும் இடத்தைக் கவனியுங்கள்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு கலவாவை எடுக்கப் பின்பக்கமாக நகர்ந்துகொண்டே போனேன். சிலிண்டரின் வால்வு எதிலோ பிடித்துக்கொண்டது. திரும்பினேன், இன்னும் சுற்றியது. நான் அதற்குள் காற்றின் இருப்பைக் காட்டும் கேஜைப் பார்த்து எவ்வளவு நேரம் ஆகியிருந்தது என்றே தெரியவில்லை. 70 பார். என் ஜோடிக்காரர் என் தோளைப் பிடித்து நிறுத்தினார், உள்ளங்கையைக் காட்டி ‘அசையாதே’ என்றார், பின்னால் போய் ஒவ்வொரு நூலாக வெட்டினார். நான்கு நிமிடம். 40 பாரில் ஏறத் தொடங்கினோம். அன்றிலிருந்து இரண்டு விதிகள் வைத்திருக்கிறேன். கேமரா பிடித்திருப்பவரின் ஜோடிக்காரர் கையில் கேமரா இருக்கக் கூடாது. கேமரா பிடித்திருப்பவர் இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை கேஜைப் பார்த்து, எண்ணை விரலால் ஜோடிக்காரருக்குக் காட்ட வேண்டும். வலையில் மாட்டினால் திரும்பாதீர்கள், உதைக்காதீர்கள், நின்ற இடத்தில் நில்லுங்கள்.

உள்ளே போகலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். அதற்கான பயிற்சி, உள்ளேயிருந்து வெளியே வரைக்கும் நீளும் வழிக்கயிறு, இரண்டு விளக்கு எல்லாம் இருந்து, காற்றில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு இருப்பு என்று பிரிக்கத் தெரிந்தவர்கள் போகலாம். நம் ஊர்ச் சேற்றில் நான் போவதில்லை. வாசலில் நின்று விளக்கை உள்ளே அடித்து எடுங்கள், அதுவே போதுமான படம். இன்னொரு காரணமும் இருக்கிறது: உள்ளே விடும் மூச்சுக் குமிழிகள் கூரையில் தேங்கி இரும்பைச் சீக்கிரம் துருப்பிடிக்க வைக்கும்.

எதையும் எடுத்து வராதீர்கள். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட பொருட்கள் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். ஒரு ஜாடியோ மணியோ கண்ணில் பட்டால், இருந்த இடத்திலேயே எல்லாப் பக்கமும் படமெடுத்து, தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள். ஆணி ஒன்றை எடுத்தால்கூட அது கப்பலின் எந்த இடத்தில் இருந்தது என்ற செய்தி அழிந்துவிடும்.

படமெடுப்பது

கேமராவைப் பற்றிப் பேசுவோம். தொடங்குகிறவருக்கு ஆக்‌ஷன் கேமராவே சரி. கோப்ரோ வெறும் உடலோடு 10 மீட்டர் வரைக்கும்தான் தாங்கும். ஹவுசிங் எனும் நீர் புகாத தனி உறை போட்டால் 60 மீட்டர். பத்துப் பாகத்துக்கு ஹவுசிங் இல்லாமல் இறங்காதீர்கள்.

ஹவுசிங்கின் உயிர் அந்தக் கருப்பு ரப்பர் வளையத்தில் இருக்கிறது, ஓ-ரிங். முதல் நாள் இரவு, மின்விசிறியை நிறுத்திவிட்டு, வெள்ளைத் துணி விரித்த மேசையில் செய்யுங்கள். வளையத்தைக் கழற்றி விரலால் தடவுங்கள். ஒரு மணல், ஒரு நூல், ஒரு தலைமுடி இருந்தாலும் விரல் சொல்லிவிடும். நிறுவனம் சொன்ன சிலிக்கோன் கிரீஸைப் பளபளக்கும் அளவுக்கு மட்டும் தடவுங்கள். கொட்டினால் அதுவே மணலைப் பிடித்து வைக்கும். எனக்கு ஒரு கேமரா போனது ஒரே ஒரு கண்ணிமை முடியால். அதற்குப் பிறகு புது ஹவுசிங்கை எப்போதும் உள்ளே கேமரா இல்லாமல், மடித்த டிஷ்யூ தாளை மட்டும் வைத்து, ஒரு முறை அடி வரை கொண்டுபோய் வருவேன். தாள் காய்ந்திருந்தால் மறுமுறை கேமரா. உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் வையுங்கள். சென்னையின் புழுக்கத்தில் மூடினால் உள்ளிருக்கும் ஈரம் கீழே குளிர்ந்ததும் கண்ணாடியில் பனியாகப் படியும். காலையில் ஏ.சி. அறையில் மூடிவிட்டு, படகில் ஈரத்துணி போர்த்தி வைப்பது நல்லது.

இப்போது நிறம். நீர் சிவப்பை முதலில் விழுங்கும். ஐந்தாறு மீட்டருக்குள்ளேயே சிவப்பு பெரும்பாலும் போய்விடும், பிறகு ஆரஞ்சு, பிறகு மஞ்சள். பத்துப் பாகத்தில் துரு, பவளம், உங்கள் ரத்தம் எல்லாமே பச்சைக் கறுப்பு. கடைகளில் விற்கும் சிவப்பு ஃபில்டர் நீல நீருக்கானது. நம் பச்சை நீருக்கு மெஜந்தா ஃபில்டர். இரண்டுமே வெளிச்சத்தைக் குடிக்கும், அதனால் பத்து மீட்டருக்குக் கீழே விளக்கு இருந்தால் ஃபில்டரைக் கழற்றிவிடுங்கள். விளக்கில்லாமல் எடுத்தால், ஒவ்வொரு மூன்று நான்கு மீட்டருக்கும் ஒரு வெள்ளைப் பலகையைக் காட்டி ஒயிட் பேலன்ஸைப் புதிதாகப் பிடிக்க வேண்டும்.

விளக்கு இரண்டு வேண்டும். அதை லென்ஸுக்குப் பக்கத்தில் கட்டினால் கெட்டது கதை. நீரில் மிதக்கும் துகள் ஒவ்வொன்றும் மார்கழிப் பனி போல வெள்ளையாக ஒளிரும். இரண்டு கைகளிலும் விளக்கை நன்றாக அகட்டி, லென்ஸுக்குச் சற்றுப் பின்னால் தள்ளி, நேராகப் பொருளைப் பார்க்காமல் கொஞ்சம் வெளிப்பக்கமாகத் திருப்புங்கள். ஒளிக்கற்றையின் ஓரம் மட்டும் பொருளில் பட்டால் போதும். லென்ஸுக்கும் பொருளுக்கும் இடையே உள்ள நீர் இருட்டாகவே இருக்கட்டும்.

எத்தனை கிட்டே? தெரியும் தூரத்தில் மூன்றில் ஒரு பங்கு. மூன்று மீட்டர் தெரிகிற நாளில் ஒரு மீட்டருக்குள் போக வேண்டும். எவ்வளவு அகலமான லென்ஸ் கிடைக்கிறதோ அவ்வளவு நல்லது, அப்போதுதான் கிட்டப் போயும் பெரிய பொருளைக் காட்டலாம். பெரிய கேமரா வைத்திருப்பவர்கள் குவிந்த டோம் போர்ட் வாங்குங்கள். தட்டைக் கண்ணாடி, நீரின் ஒளிவிலகலால், பார்வை அகலத்தைச் சுருக்கிவிடும். அதே விலகலால்தான் நீரில் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் நான்கில் ஒரு பங்கு கிட்டவும் தெரிகிறது. ‘தொட்டுவிடுவேன்’ என்று தோன்றும்போது இன்னும் கொஞ்சம் இடம் இருக்கிறது.

நொடிக்கு 25 சட்டத்தில் (ஃபிரேம்) திட்டமிட்டால் 50 சட்டத்தில் எடுங்கள், ஷட்டர் நொடியில் நூறில் ஒரு பங்கு. பாதி வேகத்தில் ஓட்டினால் கையின் நடுக்கம் கரைந்துவிடும். ஒளி உணர்திறனான ஐ.எஸ்.ஓ.வை 800-க்கு மேல் விடாதீர்கள், சின்ன சென்ஸாரில் படம் புள்ளி புள்ளியாகிவிடும்.

ஒவ்வொரு காட்சியையும் பத்து விநாடி அசையாமல் பிடியுங்கள். மனதில் எண்ணுங்கள். பத்து முடியும் முன் கேமரா திரும்பினால் அந்தக் காட்சி வெட்டும்போது உதவாது. தூரக் காட்சி ஒன்று, நடு ஒன்று, மிகக் கிட்ட ஒன்று என்று மூன்றாக எடுக்கப் பழகுங்கள். கயிறு கட்டும் இரும்புக் கட்டை ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: மங்கலில் அது தெரியத் தொடங்கும் காட்சி, ஜோடிக்காரரின் விளக்கு அதைக் கடக்கும் காட்சி, அதன் மேல் கயிறு தேய்த்துத் தேய்த்து விழுந்த பள்ளத்தில் ஒரு சிறு நண்டு உட்கார்ந்திருக்கும் காட்சி. இந்த மூன்றும் போதும், பார்க்கிறவர் மனதில் ஒரு கப்பல் முழுதாக வந்துவிடும்.

முழு உருவம் வேண்டுமென்றால் அதற்கு வேறு வழி. உழவர் ஏர் ஓட்டுவது போல, மேலிருந்து கோடு கோடாக ஒரே உயரத்தில் போய், ஒவ்வொரு படமும் முந்தியதோடு நான்கில் மூன்று பங்கு ஒட்டும்படி எடுங்கள். மெட்டாஷேப் போன்ற மென்பொருள் அந்தப் படங்களைத் தைத்து, முப்பரிமாண உருவமாகக் காட்டும். மூன்று மீட்டர்தான் தெரிகிற கடலில், ஒரு பார்ஜை முனையிலிருந்து முனைவரை நான் முதலில் பார்த்தது கடலில் இல்லை, ராயபுரத்தில் என் மேசையில்.

மேலே வருவது, கரைக்கு வந்த பிறகு

80 பாரில் கேமராவை அணையுங்கள். நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் ஏறாதீர்கள். மூச்சை ஒரு நொடிகூட அடக்காதீர்கள், நுரையீரலில் காற்று விரிந்து கிழிக்கும். ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நின்று, மிதவையை அனுப்பி, சுற்றிப் பார்த்து மேலே வாருங்கள்.

படகில் நூறு சதவீத ஆக்ஸிஜன் இருக்க வேண்டும். மூட்டு வலி, தோலில் தடிப்பு, மரத்துப்போதல், தலைசுற்றல், விளங்காத களைப்பு எது வந்தாலும் ‘வெயில்தான்’ என்று தள்ளாமல் ஆக்ஸிஜன் கொடுத்து மருத்துவமனைக்குப் போங்கள். அன்று மாலையே விமானம் ஏறாதீர்கள். ஒரு முறை மூழ்கியவர் 12 மணி நேரம், பல முறை மூழ்கியவர் 18 மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். கீறல்களைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

ஹவுசிங்கைத் திறக்கும் முன் நல்ல தண்ணீர் வாளியில் அரை மணி ஊறவைத்து, பட்டன்கள் ஒவ்வொன்றையும் நீருக்குள்ளேயே அமுக்குங்கள். உப்பு காய்ந்தால் பட்டன் இறுகிவிடும். படங்களை அன்று இரவே இரண்டு இடத்தில் சேமியுங்கள். நிறம் திருத்த டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பே போதும். சிவப்பை ஏற்றும்போது கவனம், கடலில் இல்லாத சிவப்பைக் கொண்டுவராதீர்கள்.

பிறகு படத்தை இடத்தைச் சொன்னவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். நான் காசிமேட்டில் என்4 பீச்சில், படகின் விளிம்பில் போனைச் சாய்த்து வைத்து அந்தப் பெரியவருக்குக் காட்டினேன். சங்கராக் கூட்டத்துக்கு அவர் தலையாட்டினார், கலவாவுக்கு எடை சொன்னார். என்னைச் சிக்கவைத்த வலை வந்ததும் "நிறுத்து தம்பி" என்றார். திரையைக் கண்ணருகே கொண்டுபோய், ஓரத்துக் கயிற்றில் இருந்த முடிச்சை விரலால் தொட்டார்.

"இது நான் போட்ட முடிச்சு. ஆறு வருஷத்துக்கு முன்னாடி அறுத்து வுட்டுட்டு வந்தேன். இன்னும் மீனை மாட்டிகினே கீதா?"

ஆமாம் என்றேன். இரண்டு செத்த நண்டு, ஒரு கெளுத்தி. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை தன் படகிலேயே கூட்டிப்போனார். நாங்கள் கீழே கத்தரித்து மிதவை கட்டி அனுப்ப, மேலே அவர் இழுத்தார். இரண்டு முறை இறங்கினோம். வலையில் பாதி வந்தது. மீதி இன்னும் பார்ஜின் வடக்கு மூலையில் கிடக்கிறது.